மாலை கழற்றிய அன்று

எர்ணாவூரில் எங்கள் வீட்டில் ஐயப்ப பூஜை. இருந்தவர்கள்: என் மனைவி. குருசாமி. கன்டெய்னர் யார்டில் என்னோடு லோடு ஏற்றும் இருவர், அவர்களும் மாலை போட்டவர்கள். பக்கத்து வீட்டு அக்கா, அரசு ஆஸ்பத்திரியில் ஆயா. நான்.

மாலை போட்டு மூன்றாம் நாள். தினம் குடித்தவன் ஒரேயடியாக நிறுத்தியிருந்தேன். வருடா வருடம் அப்படித்தான். கை நடுங்கும், வியர்க்கும், சரியாகிவிடும். "மாலை போட்டா நிறுத்துறேன்ல? நான் குடிகாரனா?" என்று மனைவியிடம் கேட்பேன். மாலை கழற்றிய அன்றே கடைக்குப் போவேன்.

அந்த முறை சரணம் சொல்லும்போதே விழுந்தேன். உடம்பு வெட்டி இழுத்ததாம். மனைவி பின்னால் சொன்னாள்.

குருசாமி கற்பூரம் காட்டினாராம். "சாமி வந்துகீது! ஐயப்பா, ஒரு வாக்கு சொல்லு!"

அக்கா கத்தினாராம். "யோவ், கற்பூரத்த அணை. இது சரக்கு நின்ன வலிப்பு. வார்டுல எத்தினி பாத்துகீறேன். ஒருக்களிச்சு படுக்க வை. ஆட்டோ இட்டுகினு வா."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பிறகு குடி ஆசையை அடக்க ஒரு மாத்திரை. வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். குடித்தவர்கள் உட்கார்ந்து பேசுவது. மாலையைக் கழற்றச் சொல்லவில்லை.

"இது திமிர் இல்ல, சர்க்கரை மாதிரி நோய்" என்றார் டாக்டரம்மா. "நீங்களா திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து." பிறகு கேட்டார்: "மாலை கழட்டற அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?"

எனக்குத் தெரிந்த பதில் கடை ஒன்றுதான்.

மலைக்குப் போய் வந்தோம். தெருக்கோயிலில் குருசாமி எங்கள் மாலைகளைக் கழற்றினார். அதுவரை என்னைச் சாமி என்ற லோடுக்காரர்கள் இருவரும் உடனே மாமு என்றார்கள்.

"மாமு, ஏறு. ஒரு மண்டலமா தொண்ட காஞ்சிகினு கீது."

ஆட்டோவில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். வாயில் எச்சில் ஊறியது.

"நீங்க போங்க. எனக்கு கூட்டம் கீது."

"இன்னா கூட்டம்? தலைவரு பேசுறாரா?"

"நான் பேசுறேன்."

சிரித்துக்கொண்டே போனார்கள். வெள்ளிக்கிழமைதான் கழற்ற வேண்டும் என்று குருசாமியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். பஸ் ஏறினேன்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். "இன்னிக்கு மாலை கழட்டினேன். குடிக்கல." அவ்வளவுதான் பேசினேன். கை தட்டினார்கள். அதற்கு முன் எனக்கு யாரும் கை தட்டியதில்லை.

அடுத்த வருடம் மாலை போடுவதற்கு முன்பே லோடுக்காரர்கள் இருவரும் வந்தார்கள். "எங்களுக்கும் சாமி வந்துட்டா இன்னா பண்றது மாமு? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ." கடைசியில் குருசாமியும் வந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறுகிறவர்கள் நான்கு பேர்.