ஸ்டோர்ஸ் அண்ணனின் இடது கிளிக்

இன்று காலை என் லேப்டாப்பின் டச்பேடில் இடது கிளிக் ஒருமுறை விழவில்லை. மறுபடி அழுத்தியதும் விழுந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. ஓசூரில் நான் முதலில் சேர்ந்த கம்பெனியின் ஸ்டோர்ஸ் அண்ணன் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். அவர் வந்தால் அன்றைய பொழுது போன மாதிரிதான்.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கேன்டீன் டி.வி. தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டோர்ஸ் அண்ணன் குருபரப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். முன்பு பிரஸ் ஷாப்பில், மிஷினில் இரும்புத் தகடு அடித்தவர். அந்த மிஷினில் வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு போய்விட்டன. அதன் பிறகு ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்தவரிடம் ஒருநாள் பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்து, இனி எல்லாச் சரக்கும் இதில்தான் பதிய வேண்டும், பழகாவிட்டால் மறுபடி பிரஸ் ஷாப்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, அந்த மிஷின் சத்தம் கேட்டாலே இன்னும் கையைப் பின்னாடி இழுத்துக்கறேன். இந்த ஸ்டோர்ஸ மட்டும் எப்படியாவது காப்பாத்திக் குடுப்பா," என்றார்.

சரக்கு அடுக்கிய ராக்குகளுக்கு நடுவே லேப்டாப்பை இடது கையில் ஏந்திக்கொண்டே பதிய வேண்டும்; மவுஸ் வைக்க இடம் கிடையாது. டச்பேடிலோ இரண்டு விரல் சேர்த்து இழுத்தால்தான் பக்கம் நகரும். அண்ணனுக்கு நடுவிரல் எட்டாது. அவர் லேப்டாப்பைத் தெலுங்கில் திட்டுவார், என்னிடம் தமிழில் மன்னிப்புக் கேட்பார். இரண்டு நாள் தேடி, வலது ஓரத்தில் ஒற்றை விரலால் தேய்த்தாலே நகரும்படி மாற்றிக் கொடுத்தேன். "அட, ஓடுதுப்பா!" என்று மேலும் கீழுமாகப் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தார். சின்ன வேலைதான், ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் வந்ததில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் தீபாவளியைவிட அதுதான் பெரிது. மிஷின்களைக் கழுவி, ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று கட்டி, ஒரே அமர்க்களம். சந்தனம், குங்குமக் கிண்ணங்களோடு கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகப் பொட்டு வைத்துக்கொண்டு போனவன் நான்தான். "இதுதான்பா எனக்குச் சோறு, பெருசா வையி," என்றார் அண்ணன். நானும் டச்பேடுக்குக் கீழே, இடது பட்டன் ஓரமாக, தாராளமாகவே அப்பினேன்.

லீவு முடிந்து வந்ததும் கிளிக் சரியாக விழவில்லை என்றார். செட்டிங்கெல்லாம் பார்த்தேன். எங்கே போனாலும் சொந்த மவுஸைச் செருகி வேலை பார்ப்பது என் பழக்கம். அதில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அந்த இடது பட்டனை என் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே பிளான்ட் மேனேஜர் வந்து நின்றார். அண்ணன் ஓரத்தில் தேய்த்தார், பக்கம் அழகாக ஓடியது. சேமிக்கும் இடத்தில் அழுத்தினார், விழவில்லை. மறுபடியும் விழவில்லை. கட்டைவிரலால் ஓங்கி அழுத்தியதும் ஒரே சரக்கு இரண்டு தடவை பதிவானது. என்ன பிரச்சனை என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு சார். அவருக்குக் கைதான்…" என்றேன்.

அண்ணன் வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். திங்கட்கிழமை அவர் பிரஸ் ஷாப்புக்குப் போனார்.

லேப்டாப் என் மேஜைக்குத் திரும்பியது. துடைக்கும்போது பார்த்தால், இடது பட்டன் இடுக்கில் சந்தனம் குங்குமத்தோடு சேர்ந்து கெட்டியாக இறுகியிருந்தது. பல்குச்சியால் குத்தி எடுத்தேன். அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. அடப்பாவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே மேனேஜரிடம் ஓடியிருக்க வேண்டும். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை, பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வருஷங்கள் போய்விட்டன.

அண்ணன் ரிட்டயர் ஆன அன்று, மாலையோடு நின்றவர் என்னைத் தன் மனைவியிடம் இழுத்துக்கொண்டு போனார். "இந்தத் தம்பி எவ்வளவோ சொல்லிக் குடுத்துச்சு. என் கைதான் ஒத்து வரல," என்றார். நான் சிரித்துவிட்டுக் கேக்கைத் தின்றேன். வெட்கம் கெட்டவன்.

இப்போது வேறு கம்பெனி. ஆயுத பூஜைக்குச் சந்தனத்தோடு யாராவது வந்தால் டச்பேடைக் கையால் மூடிக்கொள்கிறேன். சாமி நம்பிக்கை இல்லாதவன் என்று கேலி செய்கிறார்கள். காலையில் கிளிக் விழாதபோதும் லேப்டாப்பைச் சாய்த்து இடுக்கைக் குச்சியால் குடைந்து பார்த்தேன். தூசிதான் வந்தது. பிறகு போனை எடுத்தேன். அண்ணனின் நம்பர் இன்னும் இருக்கிறது. அவர் பெயர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். எப்போதும் அதுவரைக்கும்தான் போகிறேன். அழுத்த மட்டும் என் விரலுக்கு வரவில்லை.