ஒற்றைக் கோட்டை நம்பலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. என் மடியில் ஒரு நாய்க்குட்டி. காதில் போன். போனில் தங்கை செல்வி.

செல்விக்கு வீடு குரங்கணிக்கு மேலே, மலையில் ஏலத்தோட்டத்துக்குள். அவள் மகள் யாழினிக்குக் குட்டி நாய் வேண்டுமென்று ஒரே நச்சரிப்பு. ராசிங்காபுரத்தில் தெரிந்த வீட்டிலிருந்து ஒன்றை வாங்கி, சில நாட்களாக போடியில் என்னோடு வைத்திருந்தேன். அன்றைக்கு, தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிப் போகும் ஜீப்பில் அனுப்புவதாக ஏற்பாடு.

ஆனால், குட்டி பாலைத் தொடவில்லை. ஒரு தடவை வாந்தி. அப்புறம் சுருண்டு படுத்ததுதான்... பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வால் அசையவில்லை.

“ஜீப்புச் சத்தத்துக்கு மெரண்டுருக்கும்க்கா. ஏத்தி விடுங்க, வெரசா போகணும்” என்றார் டிரைவர் முருகேசன்.

“அண்ணே, கடைச் சாமானெல்லாம் ஏத்திட்டு வாங்க. அதுக்குள்ள டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துர்றேன்.”

கால்நடை டாக்டர் இளம்பெண். குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பஞ்சு சுற்றிய குச்சியால் மலத்தில் கொஞ்சம் எடுத்தார். ஒரு திரவத்தில் கலக்கி, சின்ன பிளாஸ்டிக் அட்டையில் சில சொட்டு விட்டார். “பார்வோ வைரசான்னு பார்க்கிறேன். குடலைத் தாக்குற நோய். நாய்க்கு நாய் வேகமாப் பரவும். இதுல ரெண்டு கோடு வந்தா பாசிட்டிவ்.”

ரெண்டு கோடு வந்தால் இனிப்புக் கொடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. எனக்கு அந்தச் சில நிமிடங்களும் உட்கார முடியவில்லை. எழுந்தேன், ஜன்னலருகே போனேன், திரும்பி வந்து அட்டையை எட்டிப் பார்த்தேன்.

ஒரே கோடு!

“நெகட்டிவ்தானே டாக்டர்? அப்ப மலைக்கு, தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடலாமா?”

“வேண்டாம். நோய் ஆரம்பத்துல இருந்தா, வைரஸ் கம்மியா இருக்கும். டெஸ்ட்ல சிக்காமப் போகலாம். குட்டியப் பார்த்தா எனக்குச் சந்தேகமா இருக்கு. நாளைக்குத் திரும்பப் பார்ப்போம். அதுவரை தனியா வைங்க. மேல வேற நாய் இருக்கா?”

இருக்கிறது. ராஜா. காட்டுப்பன்றியை வீட்டுப் பக்கம் அண்டவிடாதவன். அவனுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா? வீடு திரும்பியதும் போனில் செல்வியைக் கேட்டேன்.

“மலை நாய்க்கு என்னக்கா ஊசி? ஒத்தக் கோடுதான வந்துருக்கு? நெகட்டிவ்னா நெகட்டிவ்தான? இவ விடிஞ்சதுலருந்து ரோட்டுலயே நிக்கிறா. நீ குடுக்க மனசில்லாம சாக்குச் சொல்ற!”

சுருக்கென்றது. குட்டி என்னோடு ஒட்டிக்கொண்டது உண்மைதான். அதற்காக இப்படியா? முருகேசன் வேறு ஹாரன் மேல் ஹாரன்... ஏற்றிவிட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். கை ஒருமுறை ஜீப் வரைக்கும் போய்விட்டது. “நீங்க கெளம்புங்கண்ணே” என்றேன். செல்வி போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க வீட்டுக்கும், குட்டியைத் தனியாக வைத்த பின்கட்டுக்குமாக நடந்தேன். குட்டிக்கு ஒன்றுமில்லாமல் போனால் தங்கையிடம் என்ன சொல்வேன்? ஏதாவது இருந்தால்... குட்டியிடம் என்ன சொல்வேன்?

மறுநாள் ரத்தமாகப் போனது. மறுபடி டெஸ்ட். இந்தத் தடவை இரண்டாவது கோடு, நேற்று எங்கே ஒளிந்திருந்ததோ, பளிச்சென்று வந்து நின்றது.

போட்டோ எடுத்து செல்விக்கு அனுப்பினேன். உடனே போன். எதிர்முனையில் அழுகை. “அக்கா... ராஜாவோட சேர்த்து வுட்ருப்பேனே! குட்டி பொழச்சுக்கிருமா?”

“தெரியலடி.”

டிரிப்ஸ், ஊசி, பிளீச்சிங் கரைசலில் தரையைத் துடைப்பது என்று நாட்கள் போயின. ஒரு காலையில் கிண்ணத்துத் தண்ணீரைத் தானாக நக்கியது. அடுத்து கஞ்சி. எலும்பும் தோலுமாக எழுந்து நின்று என்னைப் பார்த்துக் குரைத்தபோது, டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

குணமான பிறகும் சில வாரம் கிருமி வெளியேறுமாம். டாக்டர் சரியென்று சொல்லும்வரை காத்திருந்தோம். அதற்குள் செல்வி, ராஜாவை ஜீப்பில் கொண்டுவந்து ஊசி போட்டுப் போனாள்.

யோசித்துப் பார்த்தால், நமக்கு ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. ‘நாளைக்குத்தான் தெரியும்’ என்பதைத்தான் தாங்க முடிவதில்லை. கொரோனா காலத்திலும் அப்படித்தானே... ஒற்றைக் கோட்டைப் பார்த்ததும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் எத்தனை பேர்?

குட்டி இப்போது மலையில். தினமும் போன் செய்து, எடுத்ததும் “சாப்பிட்டாச்சா?” என்கிறேன். “ஆச்சுக்கா” என்று செல்வி தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறாள் — நான் கேட்டது அவளை இல்லை என்று எப்படிச் சொல்வது?