ஏழடியில் நிறுத்தச் சொன்னவர்

போன வியாழக்கிழமை காலை ரசாக் பாய் அவர்கள் காலமானார்கள். ராயபுரம் ஷெட்டில் நான் லாரிகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய மருமகன் சைக்கிளில் வந்து சொன்னார். அன்று போக வேண்டிய லோடுகள் போயின. நிறுத்தியிருக்கலாம், தோன்றவில்லை.

நம் சங்க இதழைப் படிக்கும் சரளை லாரிக்காரர்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம் போவது, எடுத்த பிறகு நிலத்தை எப்படி மூடித் திருப்பிக் கொடுப்பது என்று முதல் கடப்பாரை விழும் முன்பே கணக்குப் போடுகிற மனிதர். முதல் இரண்டுக்கும் இந்த ஊரில் ஆளுண்டு. மூன்றாவதற்கு அவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

யுத்தம் முடிந்து பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்டபோது நான் ஒன்றை எடுத்தேன். அதுவரை என்னிடம் இருந்தவை இரண்டு கட்டை வண்டிகள். பள்ளத்தை மேடாக்கிக் கிடங்கு கட்டக் கம்பெனிகள் சரளைக்கு அலைந்த காலம் அது. சாத்தாங்காட்டுக்கு மேற்கே, உப்புத் தண்ணீர்க் கால்வாயை ஒட்டி, மங்கம்மாள் என்ற அம்மாளுக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. அடியில் நல்ல சரளை. பட்டாளத்து ரோடு வேலையில் மேஸ்திரியாக இருந்த ரசாக் பாயை அங்கே அழைத்துப் போனேன். ஒரு வாரம் அவர் ஒரு கூடை சரளைகூட எடுக்கவில்லை. ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரே ஒரு குழி போட்டு, ஊறும் தண்ணீரைத் தினமும் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா பாய், சர்பத்தா கீது?" என்று மங்கம்மாள் கேட்டார்கள்.

"ஏழடி வரைக்கும் சர்பத்துதாம்மா. அதுக்குக் கீழ போனா கால்வா உப்பு ஏறிக்கும். ஒங் கெணறும் பூடும்."

அந்தக் கிணற்றை வைத்துத்தான் அந்த அம்மாள் நிலத்தின் ஒரு மூலையில் கீரை போட்டு, தண்டையார்பேட்டையில் விற்றுப் பிழைத்தார்கள்.

"நெலம் நெலமா திரும்பி வருமா?"

"வரும்மா. மேல்மண்ண தனியா எடுத்து வெச்சி, அடியில சரளைய சலிச்சி மிஞ்சற மண்ணப் போட்டு ரொப்பி, மேல அந்த மேல்மண்ணையே போத்திக் குடுக்கறேன்."

அந்தப் பேச்சை நம்பித்தான் அவர்கள் என் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள்.

பாய் நிலத்தை ஆறு பட்டையாகப் பிரித்தார். ஒன்று ஏழடி போனதும் அடுத்ததன் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டுத் திறப்பது, பழையதை மூடுவது. திட்டத்தில் கோணல் இல்லை. கோணல் என்னிடம் இருந்தது. ஆட்களுக்குச் சரளைக்கு மட்டும் கூலி கொடுத்தேன். ஒதுக்குகிற மேல்மண்ணுக்குக் கொடுக்கவில்லை.

"அதுக்கும் கூலி போடுங்க அண்ணாச்சி. சும்மா எவன் செய்வான்?" என்று பாய் கேட்டார்.

"விக்காத மண்ணுக்கு நான் எதுக்குக் கூலி குடுக்கணும்?"

"அப்போ தொறந்த குழியிலயே கீழ கீழ போய்க்கினு இருப்பானுங்க. நான் காவக் காக்கணும்."

மூன்று வருஷம் குழியோரத்தில் நின்று காத்தார். இரண்டு பட்டைகள் மூடப்பட்டு மறுபடி நிலமாயின. மங்கம்மாள் அதில் வேர்க்கடலை போட்டு எனக்கும் ஒரு படி அனுப்பினார்கள்.

நாலாம் வருஷம் மகள் கல்யாணத்துக்குப் பாய் பத்து நாள் ஆற்காடு போனார். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி கூடுதல் லோடு கேட்டது. புதுப் பட்டை திறக்க நாலு நாள் ஆகும் என்றார்கள் ஆட்கள். "இருக்கிற குழியிலேயே எடுங்க" என்று சொன்னவன் நான். இதை அச்சில் போட வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரைக்கே ஒப்புக்கொண்டேன். குழி பத்தடி போயிற்று.

பாய் திரும்பி வந்தபோது அடியில் தண்ணீர் நின்றது. இறங்கி, விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, துப்பினார். வாடகைக்கு இரண்டு எஞ்சின் வைத்து இறைத்தோம். இறைத்தது இரவுக்குள் ஊறியது.

"கடல எறச்சிக்கினு கீறோம் அண்ணாச்சி. நிறுத்திடுங்க" என்றார்.

அந்தக் கோடையில் கிணறு உப்பாயிற்று. கீரை கருகியது. மூடிய பட்டைகளிலும் கடலை முளைக்கவில்லை. மங்கம்மாள் வந்து கேட்டபோது, "என் கணக்கு தப்பாப் போச்சும்மா" என்று பாய் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு பாயிடம், வேறு இடத்து மண்ணைக் கொண்டுவந்து மூடிவிடலாமே என்றேன். "அதுக்கு இன்னொருத்தர் நெலத்தத் தோண்டணும். அந்தக் குழிய எத வெச்சி மூடுவீங்க?" என்று கேட்டார்.

கடைசியாகப் பார்த்தபோது படுக்கையில் இருந்தார். அப்போதும் ஒரு திட்டம் வைத்திருந்தார். "ராயபுரத்துலருந்து லாரி காலியாத்தான திரும்புது? கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டற மண்ண ஏத்தி மங்கம்மா குழிக்கு வுடுங்களேன்."

இப்போது சரளை எடுக்கும் இடத்துக்குப் போக அது மூன்று மைல் சுற்று. "பார்க்கலாம் பாய்" என்றேன்.

"ஒங்க பாக்கலாம் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் அடக்கம். மூன்று கைப்பிடி மண் போட என்னையும் கூப்பிட்டார்கள். எடுத்த மண்ணே திரும்ப உள்ளே போய், அரை மணியில் குழி மூடிக்கொண்டது. போய் வாருங்கள் பாய், உங்கள் கணக்கு சரியாகத்தான் இருந்தது என்று மனதுக்குள் சொன்னேன். உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது.

வெளியே தெருமுனையில் மங்கம்மாள் நின்றிருந்தார்கள். ஆழம் போகச் சொன்னது நான் என்று சொன்னேன்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும். தண்ணிய நக்கிப் பாத்து அடி சொல்ற மன்சன் கணக்குல தப்புவாரா? நீயா சொல்றியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன். அஞ்சு வருசம், மொதலாளி."

பணம் எடுத்தேன். "உள்ள வெய்யி அத. மண்ணு போடு" என்றார்கள்.

பாய் சொன்ன கடைக்கால் மண்ணைச் சொன்னேன். காலியாகத் திரும்பும் ஐந்து லாரிக்கு ஒன்று மண்ணோடு வர வேண்டும் என்று கேட்டார்கள். இருபதுக்கு ஒன்று என்றேன். அங்கேயும் பேரம் பேசினேன், மறைப்பானேன். எப்படிப் போட்டாலும் அந்தக் குழி என் ஆயுளில் நிரம்பாது. நிரம்பினாலும் கிணறு இனிக்காது. இருவருக்கும் அது தெரியும்.

பத்துக்கு ஒன்று என்று முடிந்தது. சுற்றுக் கூலி என்னுடையது. குழி நிரம்பும் வரை. நான் போய்விட்டால் என் பிள்ளைகள் போட வேண்டும்.