முதல் மூன்று எழுத்து

தகவலைப் பூட்டி வைக்கும் குறியாக்க நூலகம் ஒன்றை, அதாவது செயலிகளுக்குள் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை, எழுதினேன். யாரும் கேட்கவில்லை; முதுநகரில் எங்கள் வீட்டில் வேலை இல்லாத நேரங்களில் எழுதியது. புது ஃபோன்களின் பிராசஸரில் பூட்டுவதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடியும். அந்த வசதி இல்லாத பழைய ஃபோன்களுக்காக, அதே கணக்கை மெதுவாகப் போடும் நிரலையும் சேர்த்திருந்தேன். எதிலும் ஓடும் என்று பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அதை முதலில் பயன்படுத்தியவள் என் அக்கா. சேத்தியாத்தோப்புப் பக்கம் கிராம நர்ஸ். கர்ப்பிணிகளைப் பற்றிய சொந்தக் குறிப்புகளை ஒரு பழைய ஃபோனில் எழுதி வைப்பாள். அடுத்தவர் கண்ணில் படக் கூடாத விஷயங்கள் என்பதால், அவளுக்காகச் சின்னச் செயலி ஒன்றைச் செய்து கொடுத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் கணவர் கூப்பிட்டார். மாமாவுக்குச் சிதம்பரத்தில் செல்போன் கடை. அக்காவுக்குப் புது ஃபோன் கொடுத்து, குறிப்புகளை அதில் ஏற்றி, பழையதைத் துடைத்து விற்றுவிட்டிருந்தார்.

"மச்சான், ஒடனே கெளம்பி வா. ஒங்க அக்கா அழுவுறா."

கடைக்குப் போனேன். அங்கே இருந்த அக்கா புது ஃபோனை நீட்டினாள்.

"வேகமாத்தான்டா தொறக்குது. உள்ள ஒண்ணுமே இல்ல. பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வந்த பொண்ணு ஒண்ணு, பிரஷர் ஜாஸ்தியா இருந்துச்சு. திரும்பப் பாக்குறேன்னு சொன்னேன். என்னைக்குன்னு ஞாபகமில்ல. நம்பரும் இதுலதான் இருக்கு."

ஒவ்வொரு குறிப்பையும் ஊர்ப் பெயரில்தான் தொடங்குவாள். திரையில் 'சேத்த' வரை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான்.

ஆனால் அந்த மூன்று எழுத்துதான் வழி காட்டியது. சாவி சரி, முதல் துண்டும் சரி. நூலகம் எழுத்தைத் துண்டு துண்டாகப் பூட்டும். துண்டுக்குத் துண்டு ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். வேகமான நிரல் அந்த எண்ணை ஒரு முனையிலிருந்தும், மெதுவான நிரல் மறுமுனையிலிருந்தும் கூட்டியிருந்தன. பழைய ஃபோன் மெதுவான நிரலில் பூட்டியதைப் புது ஃபோன் வேகமான நிரலில் திறந்ததால், கூட்டல் தொடங்காத முதல் துண்டு மட்டும் ஒத்துப்போனது. எந்த ஃபோனில் பூட்டினேனோ அதிலேயே திறந்துதான் சோதித்திருந்தேன். ஒன்றில் பூட்டி இன்னொன்றில் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மாமா கடை இழுப்பறை நிறையப் பழைய ஃபோன்கள் கிடந்தன. வெட்கமாக இருந்தது.

புது ஃபோனும் மெதுவான நிரலிலேயே திறக்கும்படி மாற்றினேன். மதியத்துக்குள் குறிப்புகள் எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் தாண்டியிருந்தது. அக்கா அங்கேயே நின்று நம்பரைப் போட்டாள்.

"தல வலிக்குதாம்மா? கண்ணு மங்கலா தெரியுதா? நீ படுத்திரு, நான் வண்டிய அனுப்புறேன்."

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பிழையைத் திருத்திவிட்டேன். இப்போது மாமாவின் இழுப்பறை ஃபோன்கள் அத்தனையிலும் மாற்றி மாற்றிப் பூட்டித் திறந்து பார்க்காமல் எதையும் வெளியிடுவதில்லை. அக்கா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஊருக்குத் திரும்பும்போது பக்கத்துக் கடையில் ஒரு நீளநோட்டு வாங்கினாள். இன்றுவரை முதலில் அதில் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகுதான் என் செயலியைத் திறக்கிறாள்.