பம்பர் முதல் பம்பர் வரை

ஒரு காருக்கு எவ்வளவு இன்சூரன்ஸ் எடுத்தால் போதும்? எனக்கு இன்னும் தெரியவில்லை. போன வாரம் தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஏஜெண்டுக்கும் தெரியாது. ஆனால் அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

சாயம் பூசிய மீசை. அவர் போன பிறகும் நாற்காலியில் மணத்த சென்ட். எதைக் கேட்டாலும் முதலில் என் மூன்று வயது மகளின் கன்னத்தைக் கிள்ளுவார், பிறகுதான் பதில்.

“பம்பர் டு பம்பர் போட்டுடுங்கம்மா. கீழவாஞ்சூர் துறைமுகத்துப் பக்கம் நிலக்கரி லாரி எப்படிப் பறக்குதுன்னு தெரியும்ல? பாப்பாவ பின்னாடி வச்சுக்கிட்டுப் போறீங்க.”

பயத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். ஏதோ உறுத்தியது.

“அதுல பாப்பாவுக்கு அடிபட்டா எவ்வளவுங்க தருவாங்க?”

“பாப்பாவுக்கு இல்லம்மா, அது வண்டிக்கு. பிளாஸ்டிக் பார்ட்ஸுக்குக்கூட தேய்மானம் கழிக்காம முழுசா தருவாங்க.”

“உள்ள உக்காந்து போறவங்களுக்கு?”

“அது தனி. சின்னத் தொகைம்மா, யாரும் கேக்க மாட்டாங்க.”

மறுபடி கன்னத்தை நோக்கிக் கை நீட்டினார். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பேனாவை மூடினேன்.

பம்பரை விற்க என் பிள்ளையைக் காட்டிய அந்த ஆளை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் லாரிகளைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லையே. பழைய பாலிசி முடிய இன்னும் சில நாட்கள்தான். உள்ளே இருப்பவர்களுக்கு எவ்வளவு எடுப்பது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், என் பிள்ளையைக் காட்டிப் பயமுறுத்தாமல்.