மூடும்போது வந்த பிழை

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், கொட்டாஞ்சேனையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு எங்கள் அலுவலகம் மென்பொருள் எழுதிக் கொடுத்தது. நோயாளிகளைப் பதியும் பகுதி என்னுடையது. தரவுத்தளத்துடன் இணைப்பைத் திறந்து மூடும் பகுதியை, தெஹிவளையிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண் எழுதினாள்.

இணைப்புகள் அளவாகத்தான் இருக்கும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அடுத்தவருக்கு இல்லை. வேலை ஒழுங்காக முடிந்தாலும், இடையில் பிழை வந்து முறிந்தாலும், இணைப்பு தன்னைத் தானே மூடிக்கொள்ளும்படி எழுதும் புதிய முறை ஒன்று வந்திருந்தது. அப்படி எழுதச் சொல்லி அவள் என்னைக் கேட்டாள். கடைசியில் மூடும் கட்டளையை என் கையால் எழுதியே பழகியவன் நான். மறக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறக்கவுமில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. என் படிவம் குடும்பப் பெயர் கேட்டது. எங்களுடைய தமிழ் ஆட்களுக்கு அது ஏது? தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். வரவேற்பு மேசையில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டபோதெல்லாம் என் பகுதி முறிந்தது. உடனே கடைசிக் கட்டளை ஓடி, பாதிப் பதிவோடு இருந்த இணைப்பை மூடப் பார்த்தது. மூட முடியாமல் அங்கேயும் ஒரு பிழை. நான் எழுதிய முறையில், மூடும்போது வரும் பிழை முதல் பிழையை விழுங்கிவிடும். அவள் சொன்ன முறையில் என்றால் முதல் பிழைதான் முன்னால் நிற்கும், மற்றது அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்.

திரும்பி வராத இணைப்புகள் சேர்ந்து, நண்பகலுக்கு முன்பே எல்லாம் நின்றது. இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வாங்குகளில் உட்கார்ந்தபடியே சோர்ந்து கிடந்தார்கள். கணினியின் பிழைப் பதிவில், இணைப்பை மூடும் அவளுடைய பகுதி மட்டுமே தெரிந்தது. எங்கள் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கேள்வி கேட்டார். உண்மையை அன்று பின்னேரமே கண்டுபிடித்து, சத்தமில்லாமல் திருத்தினேன். என் சேவை நீடிப்பு அவர் கையில் இருந்தது. வாய் திறக்கவில்லை. அவளுடைய வேலை போயிற்று.

போன மாதம் வெள்ளவத்தையில், மரக்கறிக் கடை வாசலில் அவளைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. சுகம் விசாரித்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“பிழை என்ர பகுதியில, பிள்ளை. முதல் முறிஞ்சது அதுதான்.”

“தெரியும் சேர். அண்டைக்கே உங்கட பேரை அடிச்சுப் பாத்தனான். உங்கட பேருக்கே முறிஞ்சு விழுந்தது.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.” மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். “இப்ப எனக்குத் தெரிஞ்சதை எனக்கே சொல்லுறியள். வேலைக்குப் போன இடமெல்லாம் எங்கட மேலாளரிட்ட விசாரிச்சுப்போட்டு வேண்டாமெண்டவங்கள். இப்பவும் ஒரு இடத்தில வேலை கேட்டிருக்கிறன். அவரிட்டத்தானே கேப்பாங்கள். ஆள் களனியில இருக்கிறார், சேர்.”

அடுத்த நாள் காலை களனிக்கு பஸ் எடுத்தேன். மேலாளர் என்னை அன்போடு உட்காரவைத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பரிசோதனை நிலையம் நின்றுபோன கதையை முழுதாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த நிலையம் என்பது அவருக்கு நினைவில் இல்லை. நின்றதும் நினைவில் இல்லை.

பிறகு முகம் தெளிந்தது. அந்தப் பெண் விட்ட பிழையா என்று கேட்டு, அவளுடைய பெயரை முழுதாகச் சொன்னார்.

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குடும்பப் பெயர்க் கட்டத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.