ரெகுலாவின் ஜாக்கெட்டுக்குள் என் சப்பாத்து

சுவிஸில், லுசேர்ண் நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் சுஜி விடாமல் கூப்பிட்டதால்தான் ஞாயிற்றுக்கிழமை மலையோட்டக் குழுவில் சேர்ந்தேன். அதில் ரெகுலா என்றொரு சுவிஸ்காரி. வணக்கத்துக்கு மேல் என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஈரமில்லாதவள் என்றே நினைத்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள், பனியில் ஓடிக் களைத்து, மேய்ச்சல்காரரின் ஆளில்லாத குடிசையொன்றில், கொண்டுபோன தேநீரைக் குடிக்க ஒதுங்கினோம். உள்ளே அடுப்புகூட இல்லை. எல்லோரும் சப்பாத்தோடு போக, நான் மட்டும் பழக்கதோஷத்தில் வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நனைந்த சப்பாத்துகள் இரண்டும் உறைந்து கல்லாகியிருந்தன. கால் நுழையவில்லை. இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும்.

"என்ன அண்ணை, கோயிலுக்கோ வந்தனீங்கள்?" என்று சுஜி சிரித்தாள்.

ரெகுலா சிரிக்கவில்லை. இரண்டையும் எடுத்துப் பனியைத் தட்டினாள். ஜாக்கெட்டைத் திறந்து, வயிற்றோடு அணைத்து மூடிக்கொண்டாள். எனக்கு உடம்பே கூசிவிட்டது. யார்மீதாவது கால் தவறிப் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற ஆள் நான். பறிக்கப் போனேன். நடுங்கிக்கொண்டே அவள் ஜெர்மனில் ஏதோ சொன்னாள்.

"தனக்குக் குளிர் பிறகு போயிடுமாம், உங்கட கால்விரல் போனால் வராதாம். பேசாமல் இருங்கோ அண்ணை," என்றாள் சுஜி.

இளகியதும் ரெகுலா குனிந்து அவற்றை என் காலடியில் வைத்தாள். உள்ளே இளஞ்சூடு இருந்தது. அவளுடைய சூடு. ஜாக்கெட்டை மூடிக்கொண்டு அவள் முன்னால் இறங்கத் தொடங்கினாள்.

இப்போதும் ஓடப்போகுமுன், யாரும் பார்க்காத நேரத்தில், அந்தச் சப்பாத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.